எதிர்முகம்

எட்டுப் பேரும் முதுகைக் காட்டித்தான் முந்தப் போகிறோம்.
போகிற இடத்தை நீ ஒருத்தி பார்ப்பாய்.
ஏழு பேருக்குத் தெரிவது முன்னால் இருப்பவளின் பின்கழுத்து.
கடைசி இருக்கை எனக்கு.
எனக்குத் தெரிந்தது உன் முகம், வீப்கே,
பதினோரு வருஷம்.

ராட்ஸெபுர்கில் அந்த ஏரிக்குச் சமையலறை ஏரி என்று பெயர்.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.
மார்ச் மாதம், விடியாத ஐந்தரை,
துடுப்புப் பிடியில் பனிப்பொருக்கு.
யாருடையதோ மழைச்சட்டையில் நீ வந்தாய்.
நாற்பத்தேழு கிலோ.
விதிப்படி ஐம்பத்தைந்து வேண்டும்;
மீதிக்கு ஒரு மணல்பையைக் காலடியில் வைத்தார்கள்.
"சும்மா வருகிற சுமைக்குத் துணைச்சுமையா?" என்றாள் கேஷெ.
படகே குலுங்கிச் சிரித்தது.
நீ சுக்கான் கயிற்றை இரண்டு விரலால் எடுத்தாய்,
தூங்கும் பூனையின் வாலை எடுப்பதுபோல.

முதல் பந்தயத்தில் மிதவையில் மோதினோம்.
ஆறு படகில் ஐந்தாவது.
திட்டுவதற்காக உன்னைத் தேடினோம்.
கொட்டகையில், கவிழ்த்து வைத்த படகின் அடியில்,
உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தச் சுக்கான் தகட்டைத்
தடவிக்கொண்டிருந்தாய்.
"இதைத் திருப்பத் திருப்ப நீங்கள் மெதுவாகிறீர்கள்.
இனி முன்கூட்டியே நினைத்துவிடுகிறேன்."
திட்ட வந்தவர்கள் படகைத் துடைக்கத் துணி தேடினோம்.

பிறகு நான் உன்னைப் படிக்கக் கற்றேன்.
இடப்புருவம் ஏறினால் டச்சுக்காரர்கள் நெருங்குகிறார்கள்.
நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்த்தால் அரைப்படகு முன்னால் இருக்கிறோம்.
எதிர்க்காற்று எங்கள் முதுகில் படுமுன்
உன் கண்கள் சுருங்கிவிடும்.

பொஸ்னானில், கடைசி ஐந்நூறு மீட்டரில்,
உன் மைக் செத்தது.
அடிவயிற்றிலிருந்து கத்தினாய்:
"இன்னும் இருபது இழுப்பு!"
எண்ணினேன். இருபதும் தீர்ந்தது.
கோட்டைக் காணோம்.
"இன்னும் இருபது!" என்றாய், வெட்கமே இல்லாமல்.
ஏழு பேருக்கு அது குரல்.
எனக்கு அது முகம்.
முகத்தில் பொய் பச்சையாகத் தெரிந்தது.
நான் முகம் கொடுக்காமல் இழுத்தேன்.
பின்னால் ஏழு பேரும்
என் முதுகை நம்பினார்கள்.

தங்கம்.
மறுநாள் பத்திரிகையில் எட்டுப் பெண்கள் என்று போட்டிருந்தது.
படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு
ஒன்பதாவது தோள்.

ஜெயித்த படகின் சுக்கானியைத்
தண்ணீரில் தூக்கி எறிவது எங்கள் நன்றி.
ஏழு கோடைகளில் ஏழு முறை எறிந்தோம்.
ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தருவாய்.
ஏழாம் முறை, அது ஓடுவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது.
அப்போதும் கழற்றித் தந்தாய்.

லூபெக் மருத்துவர் தொண்டைக்குள் விளக்குப் போட்டுப் பார்த்து
அரிசியளவில் இரண்டு முடிச்சு என்றார்.
அந்தக் குளிர்காலம் நீ விரலில் எண் காட்டினாய்,
நான் திரும்பாமல் கத்தினேன்.
என் வாயில் உன் சொற்கள்
அளவில்லாத சட்டைபோல் தொளதொளத்தன.
"நீ கத்தினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது" என்றாள் இம்கெ.
ஏப்ரலில் நீ மணல்பையை என் கையில் கொடுத்துவிட்டு
பஸ் பிடித்துப் போனாய்.

இப்போது காதுக்கருவிக் கடையில் வேலையாம்.
வந்தவர்களிடம் கிசுகிசுப்பாயாம்.
கேட்டுவிட்டால் கருவி நல்ல கருவி.
சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் சிரிக்கவில்லை.

நான் ஒற்றைப் படகில் போகிறேன்.
பத்து இழுப்புக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.
கழுத்து வலி.
எதிரே, நீ இருக்க வேண்டிய இடத்தில்,
நான் கலைத்துவிட்டு வந்த தண்ணீர்.
நேற்று மிதவையில் மோதினேன்,
அதே மிதவை இல்லை, ஆனாலும்.

ராத்திரி உனக்குப் போன் செய்தேன்.
குரல் முழுசாகத் திரும்ப எத்தனை நாளாகும் என்றேன்.
மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
"இன்னும் இருபது" என்றாய்.

முகம் தெரியவில்லை.
நம்பிவிட்டேன்.